எந்தக் கேஸ்?

வேலை செய்யும் இடத்தில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தர்மோ என்பார்கள். தான தர்மம் செய்து வாங்கிய பட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். ஃப்ரிட்ஜ், ஏசி பழுது பார்க்கும் பட்டறை அது. வேலை கேட்டுப் போன முதல் நாள், முதல் கேள்விக்கு, முதல் வாக்கியத்திலேயே சம்பாதித்த பெயர். என் இருபது வயதில் அவ்வளவு சீக்கிரமாக நான் சம்பாதித்தது வேறெதுவும் இல்லை.

அதற்கு முன்பு வீட்டில் எனக்கு இன்னொரு பெயர் இருந்தது. ‘பாதி’. வைத்தது அத்தை, அப்பாவின் அக்கா. தட்டெழுத்து வகுப்புக்குப் பதினோரு நாள் போனேன். நீச்சலுக்கு, முகத்தைத் தண்ணீருக்குள் அமுக்கச் சொன்ன நாள் வரைக்கும் போனேன். கல்லூரியில் மூன்றாவது பருவத்தோடு நின்றேன். நின்றதற்குக் காரணமாக, அங்கே ஒருத்தருக்கும் சொல்லித்தரத் தெரியவில்லை, நானே வீட்டிலிருந்து படித்துக்கொள்வேன் என்று டமாரம் அடித்தேன். உண்மையில் இரண்டு பாடங்களில் மண்ணைக் கவ்வியிருந்தேன். மூன்றாவதிலும் கவ்வப்போவது எனக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் கெட்டிக்காரி.

அத்தைக்கு ஒரு ஜெராக்ஸ் கடை உண்டு. நான் படிப்பை விட்ட செய்தி காதில் விழுந்த மூன்றாம் நாள் வந்து கூடத்தில் உட்கார்ந்தாள்.

“உனக்குன்னு கடையில ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டிருக்கேன். சுத்துற ஸ்டூல். கவர் கூட பிரிக்கல. நீயே வந்து பிரிச்சுக்கோ.”

அதைக் கேட்டதும் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அதைப் படிப்பில் காட்டியிருந்தால் தங்கப் பதக்கமே வாங்கியிருக்கலாம். அந்த ஸ்டூலில் உட்கார்ந்து, யார் யாருடைய அடையாள அட்டைகளையோ முன்பக்கம் பின்பக்கம் நகலெடுத்தபடியே எனக்கு நாற்பது வயதாவது கண்முன் தெரிந்தது.

“ஆறு மாசம் குடுங்க அத்தை. நானா ஒரு தொழில் கத்துக்கிட்டு அதுல வேலைக்குப் போறேன். போகலேன்னா வந்து உங்க ஸ்டூல்ல உக்கார்றேன்.”

“என்ன தொழில்?”

அதை நான் யோசித்திருக்கவில்லை. அந்த நேரம் பார்த்து அம்மா ஃப்ரிட்ஜைத் திறந்து அத்தைக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தாள்.

“ஃப்ரிட்ஜ் ரிப்பேர்” என்றேன்.

அம்மா அப்போது மிக்ஸி கழுவிக்கொண்டிருந்தால் என் வாழ்க்கை வேறு பக்கம் போயிருக்கும். அத்தை சிரித்த சிரிப்பில் தண்ணீர் புரையேறிவிட்டது. அப்பா செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். அம்மா மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “சரி, கத்துக்கோ” என்றாள். அம்மா ஒரு பல் மருத்துவமனையில் வேலை செய்கிறாள். கருவிகளைக் கழுவி, கொதிக்க வைத்து, எண்ணி அடுக்குவது அவள் பொறுப்பு. அதிகம் பேசமாட்டாள். ஆனால் அரிசி அளவு ஊசிமுனை ஒன்று குறைந்தாலும் தரையைத் துழாவி எடுத்துவிடுவாள்.

இனி என் குருகுலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது ஒரு ஊமை ஃபோன். துணி ஊறவைத்த வாளியில் விழுந்து எழுந்ததிலிருந்து அதில் படம் வரும், சத்தம் வராது. ஹெட்ஃபோன் மாட்டினாலும் வராது. சரி பண்ணக் கொடுக்கலாம்தான். ஆனால் ஃபோன் சரி பண்ணுகிறவர் அத்தையின் பக்கத்துக் கடைக்காரர். ‘உங்க மருமக ஃபோனை வாளியில போட்டிருக்கு’ என்று ஒரு வார்த்தை போனால் போதும், அத்தை அதை வைத்து ஒரு வருஷம் ஓட்டுவாள். ஆகவே சத்தமே இல்லாமல் படிப்பது என்று முடிவெடுத்தேன். வீடியோவுக்குக் கீழே எழுத்து ஓடும் அல்லவா, பேசுவதைக் கேட்டு ஃபோன் தானாகவே எழுதிக்கொள்ளும் தமிழ், அதைப் படித்துக்கொண்டே கறுப்புச் சட்டை போட்ட ஒருவர் ஃப்ரிட்ஜ்களைப் பிரிப்பதைப் பார்த்தேன்.

ஃபோன் எழுதிய தமிழைப் பற்றி என்ன சொல்ல. குளிர் போதுமான அளவு வந்ததும் இயந்திரத்தை நிறுத்துகிற கருவியை அது ‘தர்மோஸ்டாட்’ என்று எழுதியது. எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை. கூடவும் விடாமல் குறையவும் விடாமல் குளிரைப் பங்கு போடுகிற சாமானுக்கு தர்மத்தின் பெயரை வைத்தவன் எப்பேர்ப்பட்ட அறிவாளி என்று மனம் உருகி, கல்லூரி நோட்டின் காலிப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதி அடிக்கோடும் போட்டேன். பின்பக்கம் மடிந்து மடிந்து கிடக்கும் கறுப்புக் குழாயைக் காட்டி ‘கண்டென்சர் காயில் தூசி’ என்று எழுத்து ஓடியது. அந்த உறுப்புக்குக் காய் என்று பெயர் போலிருக்கிறது, அந்தக் காயில் தூசி படிந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். அதற்காக என்னை ஒரேயடியாக மக்கு என்று முடிவுகட்ட வேண்டாம். ‘பேன் ஓடுதான்னு பாருங்க’ என்று வந்தபோது நான் தலையைச் சொறியவில்லை, விசிறியைத்தான் பார்த்தேன்.

ஆனால் ‘கேஸ்’ என்னைக் கவிழ்த்துவிட்டது.

அடுப்பில் எரிவதும், ஃப்ரிட்ஜின் குழாய்களுக்குள் ஓடிக் குளிர வைப்பதும் கேஸ். கோர்ட்டில் நடப்பதும் கேஸ். இயந்திரத்தின் மேல் மாட்டியிருக்கும் மூடியும் கேஸ். வாயால் சொன்னால் அடுப்புக் கேஸ் தனியாகத் தெரிந்துவிடும். எழுத்தில் எல்லாம் ஒன்றே. படிக்க ஆரம்பித்த இரண்டாவது வாரம், கறுப்புச் சட்டைக்காரர் கேமராவைப் பார்த்துப் புன்னகைத்தபடி பேச, கீழே ஓடியது: ‘பின்னாடி கம்ப்ரஸர் பக்கத்துல இருக்கிற கேஸை முதல்ல எடுத்துடுங்க. பயப்படாதீங்க. ரெண்டே நிமிஷம்.’ அவர் சொன்னது மூடியை. எங்கள் ஃப்ரிட்ஜுக்குப் பின்மூடி எப்போதோ காணாமல் போயிருந்தது. இல்லாத மூடியை நான் எப்படி நினைப்பேன்? கேஸ் எங்கே இருக்கும் என்று தேடினேன். கம்ப்ரஸரிலிருந்து ஒரு சின்னச் செம்புக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் நுனியை நசுக்கி அடைத்திருந்தார்கள். இதுதான் கேஸின் வாய் என்று கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்தது என்னவோ சரிதான். கம்பி வெட்டும் குறட்டை எடுத்து நுனியை நறுக்கினேன்.

ஸ்ஸ்ஸ் என்று வந்தது. வந்துகொண்டே இருந்தது. முதலில் பெருமையாக இருந்தது. அரை நிமிஷத்துக்குப் பிறகு பெருமை போய்விட்டது. கட்டைவிரலை வைத்து அடைத்துப் பார்த்தேன், விரல்தான் மரத்துப்போனது. சத்தம் நின்றபோது எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் கதை முடிந்திருந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஃப்ரிட்ஜ் அது. நான் படிக்க ஆரம்பித்ததைத் தவிர அதற்கு ஒரு நோயும் கிடையாது.

மாலையில் அம்மா வந்து கதவைத் திறந்து பார்த்துவிட்டு, “என்ன, குளிரே இல்ல?” என்றாள்.

“தானா நின்னுடுச்சும்மா” என்றேன். கூசாமல் சொன்னேன் என்று எழுத ஆசைதான். திருட்டு முழி முழித்துக்கொண்டு சொன்னேன். “மெக்கானிக் எல்லாம் வேண்டாம். நானே சரி பண்றேன்.”

“பாவம் அந்த ஃப்ரிட்ஜ்” என்றார் அப்பா.

அம்மா பாலை எடுத்துக் காய்ச்சினாள்.

அன்றைக்கு நான் எல்லாவற்றையும் விட்டிருக்க வேண்டும். என் வழக்கப்படி அது விடுவதற்குச் சரியான நேரம். ஆனால் எதையும் விட்டுவிட்டு ஓடுவதற்கு அது கண்ணில் படாமல் இருக்க வேண்டும் அல்லவா? நீச்சல் குளம் வீட்டுக்குள் வந்து நிற்காது. ஃப்ரிட்ஜ் நிற்கும். ஆளுயரத்துக்கு, வெள்ளையாக, சமையலறை வாசலில், நான் தட்டை வைக்கப் போனாலும் எடுக்கப் போனாலும் என்னைப் பார்த்தபடி நிற்கும். அம்மா அதற்குள் வெங்காயத்தையும் துவைத்த துண்டுகளையும் அடுக்கிவைத்தாள். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை பால் வாங்க நடந்தாள். மீந்தது கெட்டுப்போகும் என்று இரண்டு வேளை சமைத்தாள். கேட்டால், “நடந்தா நல்லதுதான்” என்பாள். அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நானும் ஒரு வார்த்தை திருப்பிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

ஆகவே படித்தேன். பகலில் வீடு காலியானதும் அந்தப் பிணத்தைச் சுவரிலிருந்து இழுத்துப் போட்டுப் பிரிப்பேன். ரிலே, விசிறி, என் அருமை தர்மோஸ்டாட், ஒவ்வொன்றையும் கழற்றி, படம் வரைந்து, திரும்ப மாட்டுவேன். முதல் தடவை மாட்டியபோது ஐந்து திருகாணிகள் மிச்சம். பத்தாவது தடவை ஒன்றுதான் மிச்சம். அதை மட்டும் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

செத்த ஃப்ரிட்ஜில் ஒரு சங்கடம் உண்டு. எது சுட வேண்டும், எது குளிர வேண்டும் என்று அதில் தெரியாது. அதற்கு உயிருள்ள ஃப்ரிட்ஜ் வேண்டும். அதனால் அக்கம்பக்கத்து வீடுகளின் கதவைத் தட்ட ஆரம்பித்தேன். “ஆன்ட்டி, உங்க ஃப்ரிட்ஜைக் கொஞ்சம் தொட்டுப் பாத்துக்கட்டுமா?” எதிர்வீட்டு ஆசிரியை என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். கீழ்வீட்டுத் தையல்காரர், ஃப்ரிட்ஜில் வைத்திருந்த இனிப்பைக் கேட்க வெட்கப்படுகிறேன் என்று நினைத்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நான் இனிப்பைத் தின்றுகொண்டே பின்பக்கம் கையை விட்டு, கம்ப்ரஸரிலிருந்து போகிற குழாயையும் அதற்குத் திரும்பி வருகிற குழாயையும் தடவினேன். நோட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்: ‘எதிர்வீடு - போகிற குழாய் சுடுகிறது, வருகிற குழாய் வியர்க்கிறது, கேஸ் நிறைவாக இருக்கிறது. கீழ்வீடு - வருகிற குழாய் வெதுவெது, கேஸ் குறைந்திருக்கலாம். இனிப்பு நன்றாக இருந்தது.’ மூன்று மாதத்தில் இருபத்தெட்டு ஃப்ரிட்ஜ்களைத் தொட்டேன். தெருவில் நான் போனால் சின்னப் பிள்ளைகள், “அம்மா, ஃப்ரிட்ஜ் தொடுற அக்கா வர்றாங்க” என்று உள்ளே குரல் கொடுப்பார்கள்.

முனைக்கடைக்காரரின் கூல்டிரிங்ஸ் பெட்டி மந்தமாக ஓடியபோது பின்பக்கக் காயை, அப்போது அது காய்தான், பல் துலக்கும் பிரஷ் வைத்துத் துலக்கினேன். ஒரு தலையணை அளவு தூசி வந்தது. மறுநாள் பெட்டி சில்லென்று ஆகிவிட்டது. அவர்தான் அந்தப் பட்டறையின் முகவரியைக் கொடுத்து, “ஆள் தேடுறாங்க, போய்ப் பாரு” என்றார். ஐந்து மாதமும் மூன்று வாரமும் ஆகியிருந்தது. ஸ்டூலுக்கும் எனக்கும் நடுவில் எட்டு நாள் இருந்தது.

பட்டறையின் முதலாளியம்மாவை எல்லோரும் மேடம் என்பார்கள். அவர் மேஜையிலேயே ஒரு கம்ப்ரஸரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

“ஃப்ரிட்ஜ் நிக்காம ஓடிட்டே இருக்கு. என்ன பாப்ப?”

இதற்காகத்தானே காத்திருந்தேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். “முதல்ல தர்மோஸ்டாட் பாப்பேன் மேடம். அது நல்லாருந்தா, கண்டென்சர் காய்ல தூசி இருக்கான்னு பாப்பேன்.”

பட்டறையில் ஸ்பேனர் சத்தம் நின்றது. மேடம் இப்போது தலையை நிமிர்த்தினார். மூலையிலிருந்து ஒரு மூத்த மெக்கானிக் எழுந்து வந்தார். மீசை அண்ணன் என்று பெயர். மீசை கிடையாது, எப்போதோ எடுத்துவிட்டாராம், பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

“காய் பழுத்துடுச்சுன்னா என்னம்மா பண்ணுவ?” என்றார்.

பட்டறையே விழுந்து விழுந்து சிரித்தது. நான் அசடு வழிய நின்றேன். தெர்மோஸ்டாட் என்றும், சுருள் குழாய்க்குக் காயில் என்றும் அவர்கள் வாயால் சொன்னபோதுதான் அந்தச் சொற்களை என் காது முதல் முதலாகக் கேட்டது. ஐந்தரை மாதம் நான் குடித்தனம் நடத்திய சொற்களுக்கு நிஜப் பெயர் வேறு. எங்கேயாவது கம்பி நீட்டிவிடலாம் என்று வாசலைப் பார்த்தேன். வாசலில் ஒரு பெரிய ஏசியை இறக்கிக்கொண்டிருந்தார்கள், வழி அடைத்திருந்தது. அதனால் மட்டும்தான் நின்றேன்.

“எங்க படிச்ச?” என்றார் மேடம்.

“நானா படிச்சேன் மேடம்.”

“தெரியுது” என்றார். “ஆனா பதில் சரி. மூணு நாள் வந்து வேலை செய். இவனும் வர்றான். ஒருத்தருக்குத்தான் இடம்.”

‘இவன்’ என்பது ஒரு வருடப் பயிற்சிப் பள்ளியில் முறையாகப் படித்து முடித்தவன். பெயரெல்லாம் எனக்கு எதற்கு, டிப்ளமா. சட்டைப்பையில் மூன்று பேனா வைத்திருந்தான். ஒவ்வொரு சொல்லையும் அவன் உச்சரித்த அழகைக் கேட்க வேண்டும். அவன் ‘தெர்மோஸ்டாட்’ என்றால் அந்தக் கருவியே எழுந்து நின்று வணக்கம் சொல்லும். நான் முதல் இரண்டு நாள் வாயையே திறக்கவில்லை. ‘அது’, ‘இது’, ‘அந்தச் சுருட்டைக் குழாய்’ என்றே காலம் தள்ளினேன். மீசை அண்ணன், “தர்மோ, அந்தக் காயை எடு” என்று கேட்டால் எடுத்துக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் காலை ஒரு மருத்துவமனையின் மருந்தகத்துக்குப் போனோம். தடுப்பூசிகளும் இன்சுலினும் வைக்கிற உயரமான குளிர்ப்பெட்டி சூடேறிக்கொண்டிருந்தது. மருந்தகத்து அக்கா மருந்துகளையெல்லாம் ஐஸ் டப்பாக்களுக்கு மாற்றிவிட்டு, “ரெண்டு மணி நேரம்தான் தாங்கும். அதுக்கு மேல போனா அவ்வளவையும் கீழ கொட்டணும்” என்றார். மீசை அண்ணன் பெட்டியின் பக்கவாட்டில் காதை வைத்துக் கேட்டார். பின்னால் எட்டிப் பார்த்தார். “ஒரு சாமான் எடுத்துட்டு வரணும்” என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். என்ன சாமான் என்று சொல்லவில்லை. அவர் குணம் அது, சொல்வதற்குள் செய்துவிடுவார்.

இருபது நிமிஷம் கழித்து டிப்ளமாவின் ஃபோனுக்கு ஒரு செய்தி வந்தது. மீசை அண்ணனுக்கு எழுதப் பொறுமை கிடையாது. ஃபோனிடம் பேசுவார், அது எழுதி அனுப்பும்.

‘கேஸ் கழட்டி வைங்க வந்துட்டேன்.’

டிப்ளமா எழுந்தான். “மாத்துறதுக்கு வேற கம்ப்ரஸர் எடுக்கப் போயிருக்காரு போல. அதான் கேஸை இறக்கச் சொல்றாரு” என்று, கேஸை உறிஞ்சி எடுக்கிற சிலிண்டரைப் பையிலிருந்து வெளியே வைத்தான்.

எனக்குக் கட்டைவிரல் மரத்துப்போனது. நிஜமாகவே மரத்தது. ஸ்ஸ்ஸ் என்ற அந்தச் சத்தம் காதுக்குள் கேட்டது.

“எந்தக் கேஸ்?” என்றேன்.

“எந்தக் கேஸ்னா? கேஸ்தான்.”

“மூடியா இருந்தா?”

அவன் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு வருடப் படிப்பும் இருந்தது. “உனக்கு கேஸுக்கும் கேஸுக்கும் வித்தியாசம் தெரியாதா?”

“தெரியும். உன் ஃபோனுக்குத் தெரியாது.”

அவன் அழைத்தான். மீசை அண்ணன் வண்டி ஓட்டும்போது ஃபோன் எடுக்கமாட்டார். என் ஃபோனைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நான் பெட்டிக்குப் பின்னால் போய்க் கையை விட்டேன். இருபத்தெட்டு ஃப்ரிட்ஜ் தொட்ட கை. போகிற குழாய் கையை வைக்க முடியாத அளவுக்குக் கொதித்தது. வருகிற குழாய் வியர்த்திருந்தது. எதிர்வீட்டு ஆசிரியை வீட்டில் வியர்த்ததைப் போலவே. வியர்த்தால் கேஸ் இருக்கிறது, நிறைவாக இருக்கிறது. கம்ப்ரஸரும் தள்ளிக்கொண்டுதான் இருக்கிறது. சூடுதான் வெளியேறவில்லை. மூடிக்குள் இருக்கும் விசிறி நின்றிருக்க வேண்டும்.

“கேஸ்ல ஒரு குறையும் இல்ல. அதை எடுத்தா திரும்ப ஏத்திக் குளிர வைக்கவே அரை நாள் ஆகும். மருந்து போயிடும்.”

“அவர் சொன்னதைச் செய்யலேன்னா நம்ம வேலை போயிடும்” என்றான். அவன் சொன்னதிலும் தப்பில்லை. எனக்கும் அதே வேலைதானே வேண்டும்? மூடியைக் கழற்றி, அவர் கேட்டது கேஸாக இருந்தால், சொன்னதைச் செய்யாத அரைகுறை என்று அன்றைக்கே அனுப்பிவிடுவார்கள். நேராக ஸ்டூல்தான். கவர் பிரிக்காத ஸ்டூல் கண்முன் ஒரு சுற்றுச் சுற்றியது.

அவன் சிலிண்டரின் குழாயைப் பெட்டியின் வால்வில் மாட்டக் குனிந்தான். நான் வால்வுக்கும் அவனுக்கும் நடுவில் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டேன். வீரம் என்று யாராவது நினைத்தால் கும்பிடு போட்டுக் கேட்டுக்கொள்கிறேன், நினைக்காதீர்கள். எனக்குக் கால் நடுங்கியது, அதனால் உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடம் அதுவாக அமைந்தது.

“எந்திரி.”

“மாட்டேன். அவர் வாயால சொல்லட்டும்.”

மருந்தகத்து அக்கா கவுன்ட்டரிலிருந்து எட்டிப் பார்த்து, “என்னப்பா அங்க சண்டை? நேரம் போகுது” என்றார். இரண்டு மணி நேரத்தில் ஒரு மணி நேரம் போயிருந்தது. நான் உட்கார்ந்தபடியே கையை நீட்டி, எட்டிய இரண்டு திருகாணிகளைக் கழற்றினேன். மூடியின் திருகாணிகள்.

மீசை அண்ணன் உள்ளே வந்தார். கையில் ஒரு சின்ன விசிறி மோட்டார். தரையில் உட்கார்ந்திருக்கும் என்னையும், குழாயோடு நிற்கும் அவனையும், சிலிண்டரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“கேஸ் கழட்டலையா இன்னும்?”

“எந்தக் கேஸ்னு சண்டை அண்ணே” என்றேன்.

“இது என்ன கேள்வி, மேல இருக்கிற இந்த...” என்று மூடியைத் தட்டியவர் அப்படியே நின்றார். சிலிண்டரைத் திரும்பப் பார்த்தார். டிப்ளமாவின் ஃபோனை வாங்கித் தான் அனுப்பியதை உதடு அசைய இரண்டு முறை படித்தார். அவர் முகத்தில் இருந்த ரத்தம் இறங்கிப் போனது. மூடியைக் கழற்றி விசிறியை மாற்றினோம். ஐஸ் டப்பாவின் கெடு முடிவதற்குப் பன்னிரண்டு நிமிஷம் இருக்கும்போது மருந்துகள் உள்ளே போயின.

மாலையில் மேடம் என்னைக் கூப்பிட்டார்.

“அது மூடியாத்தான் இருக்கும்னு உனக்கு எப்படித் தோணுச்சு?”

இங்கே நான் அளந்துவிட்டிருக்கலாம். குழாய் வியர்த்தது, ஆராய்ந்தேன், முடிவுக்கு வந்தேன் என்று பூசி மெழுகியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. ஆனால் இத்தனை நாளாக இதை மூடி வைத்திருந்ததில் எனக்கு மூச்சு முட்டியது. ஊமை ஃபோன், கறுப்புச் சட்டைக்காரர், குறடு, ஸ்ஸ்ஸ், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். “தானா நின்னுடுச்சுன்னு அம்மாகிட்ட பொய் சொல்லியிருக்கேன் மேடம்” என்றும் சொன்னேன். வேலை போனது என்று நிச்சயமாகத் தெரிந்தது. வீட்டு ஃப்ரிட்ஜைக் கொன்றவளை யார் வேலைக்கு வைப்பார்கள்?

மேடம் கம்ப்ரஸரைத் துடைத்துக்கொண்டே கேட்டார். “அது இன்னும் அப்படியேதான் இருக்கா?”

“இருக்கு. வெங்காயம் வச்சிருக்கோம்.”

“ஞாயித்துக்கிழமை பம்ப்பும் கேஸும் எடுத்துட்டுப் போ. மீசை கூட வருவான், ஆனா கை வைக்கமாட்டான். நீயே பண்ணு. அது ஓடுச்சுன்னா திங்கக்கிழமை வேலைக்கு வா.”

ஞாயிற்றுக்கிழமை ஆறு மாதத்தின் கடைசி நாள். காலையிலேயே அத்தை வந்துவிட்டாள், ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு. கவர் அப்படியே இருந்தது. “கடைக்கு வந்து உக்கார வெக்கப்படுவியேன்னு நானே எடுத்துட்டு வந்தேன். மொதல்ல இங்கயே உக்காந்து பழகு” என்றாள். நானும் மறுக்கவில்லை. கவரைப் பிரித்து, ஸ்டூலை ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் போட்டு, அதில் உட்கார்ந்துதான், பட்டறையில் பழகியபடி, செம்புக் குழாயில் வால்வை வைத்துப் பற்றவைத்தேன். வேலைக்கு ரொம்ப வசதியான ஸ்டூல், சுற்றிச் சுற்றி எல்லாப் பக்கமும் எட்டியது. மீசை அண்ணன் கை வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டார். அம்மா வெங்காயத்தையும் துண்டுகளையும் எடுத்து வெளியே வைத்தாள். பம்ப் காற்றை உறிஞ்சி முடித்ததும் கேஸை எடை பார்த்து ஏற்றினேன். ப்ளக்கைச் சொருகினேன். ஃப்ரிட்ஜ் ஒரு நடுக்கம் நடுங்கி, பிறகு சீராக ஓட ஆரம்பித்தது. போகிற குழாய் சுட்டது. கொஞ்ச நேரத்தில் வருகிற குழாய் வியர்த்தது.

“திங்கக்கிழமை எட்டு மணிக்கு வந்துடு தர்மோ” என்று சொல்லிவிட்டு மீசை அண்ணன் கிளம்பினார். அத்தை ஸ்டூலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “சரி, அதை நீயே வச்சுக்கோ” என்றாள். குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது. எனக்கென்னவோ கொஞ்சம் சந்தோஷமும் இருந்ததாகத்தான் பட்டது.

எல்லோரும் போன பிறகு அம்மா ஃப்ரிட்ஜைத் திறந்து பாலை வைத்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

“அம்மா. இது தானா நிக்கல.”

அம்மா திரும்பவில்லை. பால் பாத்திரத்தைச் சரியாக உள்ளே தள்ளிவிட்டு, அறைக்குள் போய் ஒரு மாத்திரை டப்பாவை எடுத்து வந்து என் கையில் திறந்து கவிழ்த்தாள். நகத்தளவு செம்புத் துண்டு ஒன்று விழுந்தது. ஒரு நுனி நசுங்கியிருந்தது. இன்னொரு நுனியில் என் குறட்டின் பல் பதிந்திருந்தது.

“அன்னைக்கு சாயங்காலம் பெருக்கும்போது கிடைச்சுது” என்றாள்.

“அன்னைக்கேவா? ஏம்மா கேக்கல?”

“கேட்டிருந்தா அழுதிருப்ப. அழுதுட்டு, இதையும் விட்டிருப்ப.”

ஐந்தரை மாதம். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. எனக்குத் தாங்கவில்லை. ஃப்ரிட்ஜ் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

“அழறதுன்னா கதவை மூடிட்டு அழு” என்றாள் அம்மா. “குளிர் போகுது.”